எல்4-க்கும் எல்5-க்கும் நடுவுல

மூணு மாசமா ஒரு வார்த்தை மண்டைக்குள்ள உக்காந்துக்கிட்டு எந்திரிக்க மாட்டேங்குது. "மாற்றியமைக்கப்படுகிறது"ங்கற வார்த்தை. பாப்பா ப்ளஸ் ஒன், பயாலஜி குரூப். அவ விலங்கியல் நோட்டுல முதுகுநாணிகளின் பண்புகள்னு தலைப்பு போட்டு வரிசையா பாயின்ட் எழுதி வெச்சிருக்கா, முதல் பாயின்ட்லயே இது வந்துடுது: முதுகுநாண், அதாவது முதுகு நெடுக ஓடற கயிறு மாதிரி ஒரு உறுப்பு, கருவளர்ச்சில தோணும், முதுகெலும்பிகள்ல அது அப்புறம் முதுகெலும்புத் தொடரால மாற்றியமைக்கப்படுகிறது. நானும் 1998-ல பிஎஸ்சி விலங்கியல் கடைசி வருஷம் இதையேதான் எழுதுனேன், 'ரீப்ளேஸ்டு பை'ன்னு இங்கிலீஷ்ல. அஞ்சு மார்க் கேள்வி, முழு மார்க் வாங்கியிருப்பேன்னுதான் நினைக்கிறேன். இப்ப அந்த வார்த்தை மேல எனக்கு ஒரு கோவம், கோவத்துக்குக் காரணம் என் இடுப்பு.

விஷயம் என்னன்னா, ஒருநாள் காலைல குளியலறை வாசல்ல இருந்த வாளியத் தூக்கக் குனிஞ்சேன், நிமிர முடியல. இடது பக்கம் இடுப்புல இருந்து கெண்டைக்கால் வரைக்கும் கரண்ட் அடிச்ச மாதிரி ஒரு இழுப்பு. அத்தை பாத்துட்டு "ஜவ்வு விலகிருக்கும், எங்க சித்திக்கும் இப்படித்தான்"னு சொல்லிட்டாங்க, அதாவது எம்ஆர்ஐக்கு நாலு நாள் முன்னாடியே டயக்னோசிஸ் முடிஞ்சுது. ஸ்கேன் எடுத்த அன்னைக்கு வீட்டுக்காரர் ஃபிலிம வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு ரொம்ப நேரம் பாத்துட்டு "ஒண்ணும் பெருசா இல்லயே"ன்னாரு, டாக்டர் ஒண்ணும் சொல்லாம வாங்கித் திருப்பிப் பிடிச்சாரு, அவ்ளோ நேரமும் தலைகீழா வெச்சுப் பாத்திருக்காரு மனுஷன். டாக்டர் பேனா முனையால ஒவ்வொண்ணா தொட்டுக் காமிச்சாரு: எலும்பு, டிஸ்க், எலும்பு, டிஸ்க். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் நடுவுல வெள்ளையா ஒரு பொட்டு. "அது நியூக்ளியஸ் பல்போசஸ்மா, தண்ணி நிறைய இருக்கறதால வெள்ளையா தெரியுது. சுத்தி வளையம் வளையமா நார். கொழுக்கட்டைய அமுக்குனா பூரணம் பிதுங்கும்ல, அந்த மாதிரி"ன்னாரு. எல்4-க்கும் எல்5-க்கும், அதாவது இடுப்புல நாலாவது எலும்புக்கும் அஞ்சாவது எலும்புக்கும், நடுவுல இருந்ததுல வெள்ளையே இல்ல, கருப்பா இருந்துச்சு, பின்பக்கமா தள்ளிக்கிட்டு நின்னுச்சு. ஆபரேஷன் இப்ப வேணாம், படுங்க, அப்புறம் பிசியோ, டூவீலர் கூடவே கூடாது.

நான் வேலை பாக்கறது ஒரு இன்சூரன்ஸ் ஆபீஸ்ல, மெடிக்கல் க்ளைம் செக்‌ஷன்ல. நாள் பூரா ஃபைலப் பிரிச்சு நோய்க்குக் கோட் சரியா போட்டிருக்காங்களான்னு பாக்கறதுதான் பொழப்பு. டிஸ்க்குக்கு எம்51. அந்தக் கோட வாழ்க்கைல எத்தன நூறு தடவ டிக் பண்ணியிருப்பேனோ, ஒரு தடவகூட அது என்னன்னு யோசிச்சதில்ல. ஜுவாலஜி படிச்சுட்டு இங்க வந்து உக்காந்தவங்க எங்க செக்‌ஷன்ல மட்டும் மூணு பேர் இருக்கோம், நாங்க யாரும் படிச்சதப் பத்திப் பேசிக்க மாட்டோம், அது ஒரு மரியாதை.

நடுமுள்ளு

படுத்த மூணாவது வாரம், ஞாயித்துக்கிழமை. வஞ்சர மீன் குழம்பு. பாப்பா ஹால்ல நடந்துக்கிட்டே திங்கக்கிழமை டெஸ்ட்டுக்கு சத்தமா உருப்போடறா, நான் சுவர்ல சாஞ்சு தலகாணி அண்டக் குடுத்து உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருக்கேன். எனக்கு எப்பவுமே நடுமுள்ளு துண்டுதான். சின்ன வயசுல தூத்துக்குடில ஆச்சி பழக்கிவிட்டது, சதையெல்லாம் ஆம்பளப் புள்ளைங்க தட்டுக்குப் போயிரும், எனக்கு நடுமுள்ளக் குடுத்து "உறிஞ்சு, அதுலதான் ருசி"ன்னு சொல்லிரும் ஆச்சி. கோவமா வந்தாலும் ருசி உண்மைதான். நடுமுள்ள ஒடிச்சா ஒவ்வொரு கண்ணியும் ரெண்டு பக்கமும் குழிஞ்சு கிண்ணம் மாதிரி இருக்கும், ரெண்டு கிண்ணமும் வாயோட வாய் வெச்ச இடத்துல கண்ணாடி மாதிரி கொழகொழன்னு ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும். அதத்தான் உறிஞ்சறது.

அன்னைக்கும் ஒடிச்சேன். உறிஞ்சப் போற நேரத்துல பாப்பா அந்தப் பக்கம் திரும்பி நடந்துக்கிட்டே "முதுகுநாண் முதுகெலும்புத் தொடரால் மாற்றியமைக்கப்படுகிறது"ன்னு சொன்னா. கை அப்படியே நின்னுருச்சு. எலும்பு, ஜெல்லி, எலும்பு, ஜெல்லி. டாக்டர் பேனா முனை தொட்ட அதே வரிசை. இந்த ஜெல்லி என்னதுன்னு எனக்குத் தெரியும், இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல தூங்கிக்கிட்டு இருந்த ஏதோ ஒரு லெக்சர் சட்டுனு முழிச்சுக்குச்சு: மீன்ல முதுகுநாண் போயிடறதில்ல, முள் கண்ணிகளுக்கு நடுவுல மணி மணியா மிச்சம் நிக்கும்னு மிஸ் போர்டுல படம் போட்டது ஞாபகம் வந்துச்சு. அப்ப மனுஷனுக்கு? சாப்பிட்ட கையோட போன எடுத்து எம்ஆர்ஐ ரிப்போர்ட்ல இருந்த அந்த லத்தீன் பேரத் தேடுனேன், ஒரே நிமிஷம். நியூக்ளியஸ் பல்போசஸ் முதுகுநாணோட வாரிசு. கருவுல தலையில இருந்து வால் வரைக்கும் ஒரே கயிறா ஓடுனது, சுத்தி எலும்பு உருவாகும்போது எலும்பு வர்ற இடத்துலயெல்லாம் நசுங்கி, டிஸ்க் வர்ற இடத்துல மட்டும் உப்பி நின்னுக்குது. எலில செல்லுக்கு அடையாளம் போட்டு விட்டு 2008-ல பாத்தப்போ டிஸ்க்கோட நடு ஜெல்லி முழுக்க முதுகுநாண் செல்லோட வம்சம்னே தெரிஞ்சுருக்கு.

அதாவது "மாற்றியமைக்கப்பட்டது"ன்னு நான் எழுதி மார்க் வாங்குன அந்தப் பொருள் அப்பவும் என் முதுகுலதான் இருந்துருக்கு. இப்ப வெளிய எட்டிப் பாத்து நரம்ப அமுக்கிக்கிட்டு இருக்கு. பாப்பாவக் கூப்பிட்டு மீன் முள்ளையும் ஃபிலிமையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் காமிச்சேன். "அய்யோ அம்மா, ஃபிலிம்ல குழம்பு படுது"ன்னா. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு அவளே வந்து, "அப்ப நீ சாப்பிடறது மீனோட ஜவ்வா?"ன்னு கேட்டா. ஆமான்னேன். இதுல ஒண்ணும் புதுமை இல்ல, ரஷ்யால ஸ்டர்ஜன் மீனோட முதுகுநாண அப்படியே நீளமா உருவிக் காய வெச்சு, 'வியசிகா'ன்னு பேர் வெச்சு, ஊற வெச்சுப் பொடியா அரிஞ்சு, 'பை'ங்கற மாவுப் பலகாரத்துக்குள்ள வெச்சு சாப்பிட்டிருக்காங்க. ஸ்டர்ஜனுக்கு அது சாகற வரைக்கும் முழுக் கயிறாவே இருக்கும், அதான் உருவ முடியுது. ஆச்சிக்குத் தெரிஞ்சிருந்தா சந்தோஷப்பட்டிருக்கும்.

இந்த நாண் என்னதான் பண்ணுதுன்னு படுத்துக்கிட்டே யோசிச்சப்போதான் அதோட சாமர்த்தியம் புரிஞ்சுது. தண்ணி ஏத்துன செல்லுங்க, சுத்தி இறுக்கமான உறை. சைக்கிள் டியூப்ல காத்தடிச்சா விறைக்கும்ல, அந்த விறைப்பு. உடம்போட ரெண்டு பக்கமும் தசை. நாண் இல்லன்னா தசை சுருங்குனா உடம்பே புழு மாதிரி குட்டையாயிடும். நாண் இருந்தா குட்டையாக முடியாது, வளைய மட்டும்தான் முடியும், இந்தப் பக்கம் அந்தப் பக்கம் மாறி மாறி வளைஞ்சா அதுதான் நீச்சல். ஒரு எலும்புகூட இல்லாம. டிஸ்க்லயும் அதே தந்திரம்தான் நடக்குது: ஜெல்லி தண்ணிய இழுத்து வெச்சுக்கும், சுத்தி நார் வளையம் அத அடக்கி வெச்சுக்கும். பகல் பூரா நம்ம எடை அமுக்கி கொஞ்சம் தண்ணி வெளிய போகும், ராத்திரி படுத்தா திரும்ப ஊறும், அதனாலதான் காலைல எந்திரிக்கும்போது நாம சாயங்காலத்தவிட ஒரு சென்டிமீட்டர் வாக்குல உயரமா இருக்கோம். கருவுல இந்த நாண் இன்னொரு வேலையும் பாக்குது, தனக்கு மேல இருக்கற தோல் அடுக்குக்கு 'நீ நரம்பு வடமா மாறு'ன்னு கெமிக்கல்ல சேதி அனுப்புது. மேல இருக்கற அடுக்கு மடிஞ்சு குழாயாகுது. அந்தக் குழாய்தான் முதுகுப்புற நரம்பு வடம், நோட்டுல ரெண்டாவது பாயின்ட். தனித்தனி பாயின்ட்டா எழுதுனதால ஒண்ணு சொல்லித்தான் இன்னொண்ணு உருவாகுதுங்கறது எனக்கு அப்ப தோணவே இல்ல.

டேக்ஸ்ஹண்டுன்னு ஒரு நாய் இருக்குல்ல, குட்டக் காலும் நீள உடம்புமா. அந்த ஜாதிக்கு டிஸ்க் ஜெல்லில முதுகுநாண் செல்லுங்க ரொம்பச் சீக்கிரமே காணாமப் போயிடும், டிஸ்க் வியாதியும் சீக்கிரமே வரும். வேற சில ஜாதி நாய்ங்களுக்கு அந்த செல்லுங்க ரொம்ப வருஷம் தங்கும். மனுஷங்க இந்த விஷயத்துல டேக்ஸ்ஹண்டு கட்சி, பத்து வயசு வாக்குல அசல் செல்லுங்க பெரும்பாலும் போயிருக்கும். பாப்பாகிட்ட சொன்னேன், உனக்கும் போயிருச்சுடின்னு. அவ கண்டுக்கல.

யார் யாருக்கு சொந்தம்

அந்த வார்த்தை ஏன் இப்படி உறுத்துதுன்னா, அது தனியா வரல, ஒரு குடும்பமா வந்துச்சு. 'கீழ்நிலை', 'மேல்நிலை', 'முன்னேறிய' இதெல்லாம் அதோட அண்ணன் தம்பிங்க. எங்க சிலபஸ்ல வரிசை இப்படித்தான்: பலனோகிளாசஸ்ங்கற கடல் புழு, அசிடியன்ங்கற பை மாதிரி கடல் பிராணி, மீன் குஞ்சு மாதிரி இருக்கற ஆம்ஃபியாக்ஸஸ், தாடையில்லாத லாம்ப்ரே மீன், சுறா, தவளை, ஓணான், புறா, முயல். ஒவ்வொருத்தரும் ப்ரமோஷன் வாங்கி அடுத்த சீட்டுக்குப் போற மாதிரி. பழச மாத்தி புதுசு, பழச மாத்தி புதுசு. இந்த வரிசை மனசுல பதிஞ்சா ஆம்ஃபியாக்ஸஸ்தான் நமக்கு ரொம்பக் கிட்ட, அசிடியன் அதுக்கும் கீழ, அதோட கதை முடிஞ்சுது. அசிடியனோட வாழ்க்கைய மிஸ் நடத்துனப்போ கிளாஸே சிரிச்சுது: குட்டியா இருக்கும்போது தலப்பிரட்டை மாதிரி இருக்கு, வால்ல நாண் இருக்கு, நரம்பு வடம் இருக்கு, சில மணி நேரம் நீந்துது, அப்புறம் தலைய ஒரு பாறைல ஒட்டிக்கிட்டு வாலயும் நாணயும் தானே கரைச்சுக் குடிச்சுட்டு ஒரு பையா மாறி வாழ்நாள் முழுக்க தண்ணிய உறிஞ்சிப் பீச்சிக்கிட்டு நிக்குது. பின்னோக்கு உருமாற்றம்னு அதுக்குப் பேரு. பேர்லயே ஒரு ஏளனம்.

தூத்துக்குடில தோணித் துறையில தூண்லயும் கயித்துலயும் அது ஒட்டிக்கிட்டு இருக்கும், தொட்டா தண்ணி பீச்சும், அத ஒரு மிருகம்னே நாங்க நினைச்சதில்ல. நாங்க மட்டுமா, பெரிய பெரிய ஆளுங்களே சிப்பி நத்தை கூடத்தான் அத வெச்சிருந்தாங்க. அலெக்ஸாண்டர் கோவலெவ்ஸ்கின்னு ஒரு ரஷ்யர், இருபத்தஞ்சு இருபத்தாறு வயசுல, 1866-ல, அசிடியன் முட்டை எப்படி வளருதுன்னு பொறுமையா உக்காந்து பாத்து, வால்ல இருக்கறது முதுகுநாண்தான்னு எழுதுனாரு. மறு வருஷமே ஆம்ஃபியாக்ஸஸயும் பாத்து எழுதிட்டாரு. டார்வின் 1871-ல எழுதுன மனுஷ வம்சாவளிப் புத்தகத்துலயே இந்தக் கண்டுபிடிப்பு வந்துடுச்சு. குட்டி உருவத்தப் பாக்காம பெருசா ஆனத மட்டும் பாத்திருந்தா இன்னைக்கும் அது நத்தை கூடத்தான் இருந்திருக்கும். சியோனாங்கற ஒரு வகை அசிடியன்ல அந்த முழு நாணும் சரியா 40 செல்தான், எண்ணிப் பாத்து வெச்சிருக்காங்க. நாப்பதே நாப்பது. எங்க ஆபீஸ்ல ஒரு ஃபைலுக்கே அத்தன பேப்பர் வரும்.

அதுக்கு மேல ஒண்ணு இருக்கு, இது நான் படிச்ச காலத்துல யாருக்கும் தெரியாது. 2006-ல மரபணு வரிசையெல்லாம் பக்கத்துல வெச்சுப் பாத்தப்போ, முதுகெலும்பிகளுக்கு ரொம்பக் கிட்டத்து சொந்தம் ஆம்ஃபியாக்ஸஸ் கிடையாது, இந்தப் பைதான்னு வந்துச்சு. பாக்கறதுக்கு மீன் குஞ்சு மாதிரியே இருக்கற ஆம்ஃபியாக்ஸஸ் தூரத்து சொந்தம், தூண்ல ஒட்டிக்கிட்டு நிக்கற பை பக்கத்து சொந்தம். எங்க வரிசைல அடுத்தடுத்து இருந்த ரெண்டு சீட்ட மாத்திப் போட்டா போதும்னு தோணும், ஆனா அப்படி மாத்துனா சீட்டு வரிசைங்கறதே உடைஞ்சு போகுது. அசிடியன் இன்னும் மேல ஏறாத ஆளு இல்ல, அதோட முன்னோர்கிட்ட நிறைய இருந்துருக்கு, தனக்கு வேணாங்கறத விட்டுட்டு தன் வழியில போயிருக்கு. போற வழியில, வேற எந்த மிருகமும் பண்ணாத ஒரு வேலையா, செடி மாதிரி செல்லுலோஸ தானே தயாரிச்சு மேல சட்டை போட்டுக்கிச்சு. இதப் போய் பின்னோக்குன்னு சொல்லிட்டோம்.

கொஞ்சம் தாராளமா பாத்தா பாப்பா நோட்டுல இருக்கற முதுகுநாணிப் பண்புகளோட ரேஷன் கார்டும் அவ்ளோ கெட்டி இல்ல. மூணாம் வருஷம் டூர்ல எங்கள மண்டபம் கூட்டிப் போயி, அங்கிருந்து படகுல குருசடைத் தீவுக்குக் கூட்டிப் போனாங்க. 1927-லயே சென்னை மியூசியத்துல இருந்து அந்தத் தீவோட கரையோர உயிரினங்களப் பத்திப் புத்தகம் போட்டிருக்காங்க, அப்பேர்ப்பட்ட இடம். முழங்கால் தண்ணில மணல்ல சுருள் சுருளா புழு எச்சம் மாதிரி கிடக்கும், அங்க கைய விட்டு மெதுவா தோண்டுனா பலனோகிளாசஸ் வரும், பாதியில அறுந்துரும், கை பூரா ஆஸ்பத்திரி மருந்து வாசனை, சோப்பு போட்டாலும் ரெண்டு நாளைக்குப் போகாது. அது தொண்டைல செவுள் பிளவு இருக்கு. அதனாலயும், மூக்குப்பக்கம் நாண் மாதிரி ஒரு துண்டு இருக்குன்னு சொல்லியும் பேட்ஸன்ங்கற விஞ்ஞானி அத நம்ம குடும்பத்துல சேத்தாரு, அரைநாணின்னு பேரும் ஆச்சு. பிற்பாடு பாத்தா அந்தத் துண்டு நாணே கிடையாது, ஆளு நட்சத்திர மீனுக்குத்தான் நெருங்குன சொந்தம். குடும்பத்துல இருந்து வெளிய அனுப்பிட்டாங்க. ஆனா செவுள் பிளவு நிஜம். அப்படின்னா செவுள் பிளவு நம்ம தொகுதியவிடப் பழசு, நட்சத்திர மீன் வழிக்கும் நமக்கும் பொதுவா இருந்த முன்னோர்கிட்டயே இருந்துருக்கணும், நட்சத்திர மீன் அதத் தொலைச்சிருக்கணும். நம்ம 'பண்புகள்' லிஸ்ட்ல மூணாவது பாயின்ட் நமக்கு மட்டும் சொந்தமில்ல.

இந்தச் செவுள் சமாச்சாரத்துலயும் ஒண்ணும் எங்கயும் போயிடல. கருவுல கழுத்துப் பக்கம் வர்ற முதல் வளைவுல இருந்து கீழ்த்தாடையும் காதுக்குள்ள இருக்கற சுத்தி, பட்டடை எலும்புங்களும், ரெண்டாவது வளைவுல இருந்து அங்கவடி எலும்பும் வருது. ஆம்ஃபியாக்ஸஸுக்கும் அசிடியனுக்கும் தொண்டைக்கு அடியில சளி சுரக்கற ஒரு பள்ளம் உண்டு, எண்டோஸ்டைல்னு பேரு, சாப்பாட்டுத் துணுக்க ஒட்டிப் பிடிக்கறதுக்கு. லாம்ப்ரேக்கு குட்டியா இருக்கும்போது அந்தப் பள்ளம் இருக்கும், பெருசானதும் அதுவே தைராய்டா மாறிடும். நான் தினம் காலைல வெறும் வயித்துல போடற மாத்திரை அந்தப் பள்ளத்துக்குத்தான் போகுதுன்னு நினைச்சா கொஞ்சம் மரியாதையா முழுங்கத் தோணுது.

எலும்பு எங்க ஆரம்பிச்சுச்சு

சரி, முதுகெலும்புக்கு வருவோம். நாண மாத்திட்டு வந்ததா சொல்ற எலும்பு. நான் மனசுல வெச்சிருந்த கதை இதுதான்: முதல்ல நாண், அப்புறம் குருத்தெலும்பு, அப்புறம் எலும்பு, எல்லாம் முதுகுலதான் நடக்குது, முதுகெலும்பு ரெடியானதும் மீன் ரெடி. நிஜத்துல எலும்பு ஆரம்பிச்சது தோல்ல. ஆஸ்திரேலியா நடுவுல கிடைச்ச அராண்டாஸ்பிஸ், பொலிவியால கிடைச்ச சகபாம்பாஸ்பிஸ், ரெண்டும் 45 கோடி வருஷத்துக்கு மேலப் பழசு. தாடை கிடையாது, ஜோடித் துடுப்பு கிடையாது, ஆனா தலைய மூடி எலும்புக் கவசம். உள்ள முதுகு எலும்பாகல, பழைய நாண்தான் உடம்பத் தாங்கியிருக்கும்னு சொல்றாங்க. நண்டு மாதிரி வெளிய ஓடு, உள்ள நாண். இந்த மாதிரி ஆளுங்களுக்கு ஆஸ்ட்ரகோடெர்ம்னு பேரு, ஓட்டுத் தோலர்னு வெச்சுக்கலாம். முதுகெலும்பு பேர்ல கூட்டம் கூட்டி, கூட்டத்துக்கு முதல்ல வந்தவருக்கு முதுகுல எலும்பே இல்லன்னா எப்படி.

அதுக்கும் முன்னாடி போனா சைனால யுன்னான் மாகாணத்துல செங்ஜியாங்ல கிடைச்ச ஹைக்கூயிக்திஸ், 1999-ல வெளி உலகத்துக்குத் தெரிஞ்சுது, கிட்டத்தட்ட 52 கோடி வருஷம். நெத்திலியவிடச் சின்னது, மூணு சென்டிமீட்டர்கூட முழுசா வராது. கண்ணு இருக்கு, செவுள் இருக்கு, நாண் இருக்கு, நாண் மேல தனித்தனியா முள்ளந்தண்டுக் கண்ணிக்கு ஆரம்பம் மாதிரி துண்டுகளும் இருக்கு. எலும்பு இல்ல. கனடால பர்ஜெஸ் பாறைல கிடைச்ச பிக்காயாவ அமெரிக்காவோட வால்காட் 1911-ல புழுன்னு எழுதி வெச்சாரு, அறுபது எழுபது வருஷம் கழிச்சுத்தான் இது நம்ம சொந்தம்போல இருக்கேன்னு திரும்பிப் பாத்தாங்க. அதுல எனக்குப் பிடிச்ச சேதி என்னன்னா, 2024-ல ஒரு குழு வந்து, இத்தன வருஷமா எல்லாரும் பிக்காயாவத் தலைகீழா வெச்சுப் பாத்திருக்கோம், முதுகுன்னு நினைச்சது வயிறுன்னு எழுதுச்சு. வீட்டுக்காரர்கிட்ட இதச் சொன்னேன். "பாத்தியா"ன்னாரு ரொம்பப் பெருமையா.

இதுல ஒரு பரம்பரையே இருக்கு. விலாங்கு மாதிரி இருக்கற, தாடையில்லாத ஹேக்ஃபிஷ்ஷ, உயிரினங்கள வகை பிரிச்சுப் பேர் வெச்ச லின்னேயஸ் 1758-ல புழுக்களோட போட்டாரு. ஆம்ஃபியாக்ஸஸ பல்லாஸ்ங்கற விஞ்ஞானி 1774-ல ஓடில்லாத நத்தைன்னு எழுதுனாரு. அசிடியன் சிப்பி பக்கம். பிக்காயா புழு. முதுகுல எலும்ப எதிர்பாத்துப் போனவங்க எல்லாருமே சொந்தக்காரங்கள வாசல்லயே நிக்க வெச்சுட்டுத்தான் உள்ள போயிருக்காங்க. அந்த ஹேக்ஃபிஷ்ஷுக்குக்கூட வால் பக்கம் முள்ளந்தண்டோட மிச்சம் மாதிரி சின்னச் சின்னக் குருத்தெலும்பு இருக்குன்னு 2011-ல சொன்னாங்க, அதாவது அதுவும் 'இன்னும் வராத' ஆளு இல்ல, கிட்டத்தட்ட விட்டுட்ட ஆளு.

சுறா விஷயத்துலதான் நான் முழுசா விழுந்தேன். பிள்ளை பெத்தவளுக்கு சுறாப் புட்டு வெச்சுக் குடுக்கற ஊர்ல பொறந்தவ நான், முள் குத்தாது, எல்லாம் குருத்தெலும்பு. பாடமும் அதையே சொல்லுச்சு, குருத்தெலும்பு பழசு, எலும்பு புதுசு, அதனால சுறா முதல்ல, எலும்பு மீன் அடுத்து. இப்ப பாருங்க, 2013-ல யுன்னான்ல இருந்தே வந்த எண்டெலோக்னாதஸ், சுமார் 42 கோடி வருஷம், பிளாக்கோடெர்ம்னு சொல்ற தட்டுக் கவச மீன்கள்ல ஒண்ணு, உடம்பு பூரா பழங்காலக் கவசம், ஆனா வாயச் சுத்தி இருக்கற எலும்புங்க எலும்பு மீனுக்கும் நமக்கும் இருக்கற அதே அமைப்பு. 2020-ல மங்கோலியால கிடைச்ச மின்ஜினியா, அதே கவச மீன் கூட்டம், மண்டைக்குள்ள நிஜமான உள் எலும்பு. சுறா தனி வழி பிரியறதுக்கு முன்னாடியே எலும்பு இருந்துருக்கு, சுறாவோட முன்னோர் அத விட்டுருக்காங்கன்னு இதெல்லாம் வெச்சு வாதாடறாங்க. எனக்கும் அதுதான் சரின்னு படுது. பழைய ஆளுன்னு நினைச்சு நான் மார்க் வாங்குன சுறா, எலும்ப இறக்கி வெச்சுட்டு லேசா நீந்திப் போன ஆளு.

மீன்ங்கற வகுப்பு பத்தி ஒண்ணு சொல்லிட்டு விட்டுடறேன், இத எழுதுனா ராத்திரி ஆயிடும். மார்க்கெட்ல மீன்னு ஒண்ணு இருக்கு, நூறு சதவீதம் இருக்கு, விலை வேற ஏறிக்கிட்டே இருக்கு. வம்சாவளில தேடுனா கிடையாது. 1938 டிசம்பர்ல தென்னாப்பிரிக்கால ஒரு மீன்பிடிக் கப்பல்ல வந்த நீலக் கலர் மீன மியூசியத்துல வேல பாத்த மார்ஜரி கோர்ட்னி லாட்டிமர் எடுத்து வெச்சாங்களே, சீலகாந்த், டைனோசர் காலத்தோட போச்சுன்னு எல்லாரும் நினைச்சது, அதுக்கு வஞ்சரம் தூரத்து சொந்தம், நான் கிட்டத்து சொந்தம். மீன் எல்லாத்தையும் ஒரே டப்பால போட்டா என்னையும் பாப்பாவையும் புறாவையும் அதே டப்பால போட்டாகணும். சீலகாந்த்ங்கற பேருக்கே அர்த்தம் உள்ளீடில்லாத முள்ளுன்னுதான். அதோட முதுகுல எலும்புக் கண்ணி கோத்த தொடர் இல்ல, திரவம் நிறைஞ்ச பெரிய குழாயா நாணே ஓடுது, சாகற வரைக்கும்.

பாப்பா டெஸ்ட்டுக்கு என்ன எழுதறதுன்னு கேட்டா. நோட்டுல இருக்கறத எழுதுன்னேன், திருத்தறவங்க அந்த வார்த்தையத் தேடுவாங்க. எழுதிட்டா, மார்க்கும் வந்துருச்சு. நான் இப்ப நடக்கறேன், பிசியோ சொன்ன மாதிரி குனியாம முட்டிய மடக்கி வாளி தூக்கறேன், டூவீலர் வித்தாச்சு. ஞாயித்துக்கிழமை நடுமுள்ளு மட்டும் நிறுத்தல.

ஸ்கேன், பிசியோ செலவுக்கெல்லாம் எங்க ஆபீஸ்லயே க்ளைம் போட்டிருந்தேன், என் சொந்த செக்‌ஷன்ல இருந்தே போன வாரம் க்வெரி போட்டுத் திருப்பி அனுப்பிட்டாங்க. எம்51 ஃபைல் எல்லாத்துக்கும் போடற அதே க்வெரி, நானே ஆயிரம் பேருக்குப் போட்டதுதான்: இந்தப் பாதிப்பு எப்போதிலிருந்து உள்ளது, பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்ததா, தெளிவுபடுத்தவும். பேப்பர வெச்சுக்கிட்டு டீ ஆறிப் போற வரைக்கும் உக்காந்திருந்தேன். அப்புறம் 'மூன்று மாதங்களாக'ன்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, பக்கத்து டேபிள்ல குடுத்துட்டேன்.